வீட்டுச் சின்னம் மீண்டும் பிறந்த கதை

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் வயது போனவர்களிடம் எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டால் கட்சியின் பெயர் வராது. "வீட்டுக்குத்தான் புள்ளடி போட்டனான்" என்பார்கள். ஆனால் 1970 பொதுத் தேர்தலுக்குப் பிறகு, 34 ஆண்டுகள் தமிழரசுக் கட்சியின் அந்த வீட்டுச் சின்னம் எந்தப் பொதுத் தேர்தலின் வாக்குச்சீட்டிலும் இல்லை. இடையில் பிறந்த ஒரு தலைமுறை அதைப் பார்க்காமலே வாக்குரிமை பெற்றது.

மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டத்தோடு வீட்டின் கதை தொடங்கியது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசில் சேர்ந்து அமைச்சரானார். அதை ஏற்காத செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பர் 18 அன்று கொழும்பு மருதானையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். 1952 இல் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றார். 1956 இல் கட்சிக்கு 10 ஆசனங்கள் கிடைத்தன.

பிறகு வீட்டை மூடியது தமிழரசுக் கட்சியினரேதான். எங்கள் ஊரிலிருந்து சங்கானை, சித்தங்கேணி கடந்தால் பண்ணாகம். 1976 மே 14 அன்று அங்கேதான் தமிழர் விடுதலைக் கூட்டணி உருவாகி, வட்டுக்கோட்டைத் தீர்மானமும் நிறைவேறியது. 1977 இல் கூட்டணி உதயசூரியன் சின்னத்தில் நின்று 18 ஆசனங்களை வென்றது. எங்கள் மானிப்பாய்த் தொகுதியில் வென்றவர் வி. தர்மலிங்கம், 1985 இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஊர் முழுக்கச் சூரியன். ஆனாலும் தமிழரசுக் கட்சியின் பதிவு மட்டும் அழியாமல் கிடந்தது. அந்தக் காகிதம்தான் பின்னர் எல்லாவற்றையும் மாற்றியது.

2001 இல் கூட்டணியும் வேறு கட்சிகளும் சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானபோதும் சூரியனில்தான் போட்டியிட்டது. விடுதலைப் புலிகளைத் தமிழரின் ஏக பிரதிநிதிகளாக ஏற்பதில் கூட்டணித் தலைவர் ஆனந்தசங்கரிக்கும் மற்றவர்களுக்கும் முரண்பாடு முற்றி, கூட்டணியின் பெயரும் சின்னமும் நீதிமன்றம் போயின. தேர்தல் நெருங்கியது; சூரியன் கைக்கு வரவில்லை. தேடியபோது கிடைத்தது பழைய வீடு. 2004 ஏப்ரல் 2 அன்று கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்தில் 22 ஆசனங்களைப் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 9 ஆசனங்களில் 8 அதற்கே. அந்த வெற்றியில் புலிகளின் ஆதரவுக்கும் அழுத்தத்துக்கும் பங்குண்டு. வடகிழக்கில் தேர்தல் நடந்த விதத்தை ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். இதை மறைத்துக் கதை சொல்வது நேர்மையில்லை.

விகிதாசாரத் தேர்தலின் வாக்குச்சீட்டைக் கவனித்தால் சின்னத்தின் பலம் விளங்கும். மேலே கட்சிகளின் பெயரும் சின்னமும் வெற்றுக் கூடும். கீழே வேட்பாளர்களின் இலக்கங்கள் மட்டும், பெயர்கள் இல்லை. முதலில் சின்னத்துக்கு எதிரே புள்ளடி, பிறகுதான் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. சின்னத்துக்குப் புள்ளடி இடாமல் வேட்பாளர் இலக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது.

மூடப்பட்டு மீண்டும் எழுந்த கட்சி வேறு நாட்டிலும் உண்டு. ஹங்கேரியில் சிறுநில உழவர் கட்சி 1945 தேர்தலில் 57 விழுக்காடு வாக்குகளோடு வென்றது. கம்யூனிஸ்டுகள் அதை உடைத்தழித்தார்கள். 1988 இல் அது பழைய பெயரோடு எழுந்து, 1990 இல் ஆளும் கூட்டணியில் இடம் பிடித்தது. பிறகு உட்பூசலில் சிதறி 2002 இல் பாராளுமன்றத்தில் இருந்த இடங்களையெல்லாம் இழந்தது.

வீடும் அந்த வழியில் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சியின் தலைவரைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர்கள் வாக்களித்தார்கள்; போட்டியிட்ட சிறீதரனுக்கு 184 வாக்குகள், சுமந்திரனுக்கு 137. அந்த வாக்கெடுப்பு கட்சிக்குப் பெருமை. பிறகு விவகாரம் நீதிமன்றம் போய், தெரிவு முடங்கியது. அதே ஆண்டு நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் 6 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 3 பெற்றது. வீட்டுக்குக் கிடைத்தது ஒன்று.

சூரியன் கைநழுவியபோது அடைக்கலம் தர இன்னொரு சின்னம் இருந்தது. வீடும் வழக்கில் சிக்கினால் ஒதுங்க வேறு கூரை இல்லை. ஆகவே கட்சிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் தலைமையை வாக்கால் தீர்மானியுங்கள், தோற்றவர் அதை ஏற்றுக்கொள்ளட்டும்.