முகம் திருத்தும் அறம்



மேலுதடு பிளந்து பிறக்கும் குழந்தையை நம்மவர் ‘மூளி’ என்றனர். எங்கள் குமரி மாவட்டத்தின் எல்லையை ஒட்டி வழங்கும் மலையாளம் அதனை ‘முச்சுண்டு’ என்கிறது. தாய் கருவுற்றிருந்த காலத்தில் கிரகணத்தைப் பார்த்துவிட்டாள், அதனால் வந்த குறை இது என்று அவள்மீது பழி சுமத்துவதும் பழைய வழக்கமே. பெயரும் வைத்தோம், பழியும் வைத்தோம். ஆனால் அப்பிளவைத் தைத்து மூடும் கலையோ மிகத் தொன்மையானது. கலை இருந்தும் எண்ணற்ற குழந்தைகள் அக்குறையோடே வாழ்ந்து மடிந்தது ஏன்? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

கருவின் முகம் ஒரே துண்டாகத் தோன்றுவதில்லை. இரு புறங்களிலிருந்தும் வளர்ந்து வரும் பகுதிகள் நடுவே வந்து கூடுகின்றன. மேலுதடு இரண்டாம் மாதத்திற்குள்ளும், வாயின் மேற்கூரையாகிய அண்ணம் மூன்றாம் மாத அளவிலும் கூடி முடிகின்றன. கூடல் தவறிய இடத்தில் பிளவு நின்றுவிடுகிறது. பரம்பரைக் கூறுகள், புகையிலை, சிலவகை மருந்துகள் எனப் பல காரணங்கள் இதில் கலந்து நிற்கலாம். கிரகணத்திற்கு எப்பங்கும் இல்லை. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுள் ஒன்று இவ்வாறு பிறக்கிறது. இது அழகைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. அண்ணம் பிளந்த குழந்தையால் பாலை நன்கு உறிஞ்ச இயலாது. குடித்த பாலும் மூக்கின் வழியே வெளிவரும். காதில் நோய் கண்டு செவி மந்தமாகும். பேச்சு மூக்கொலியாகக் குழறும். பள்ளியில் பிறர் நகைப்பர். பிறகு அக்குழந்தை பள்ளிக்கே வாராது.

இப்பிளவைத் திருத்திய மிகப் பழைய செய்திகளுள் ஒன்று சீன நாட்டின் சின் வமிச வரலாற்றில் உள்ளது. கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வெய் யோங்சி என்னும் ஏழை இளைஞன் ஒருவன் வாழ்ந்தான். பிறவியிலேயே உதடு பிளந்தவன். சிங் மாநில ஆளுநரான யின் சோங்கானிடம் திறமை மிக்க மருத்துவர் ஒருவர் இருப்பதைக் கேள்வியுற்று, பதினெட்டு வயதில் வழிக்குச் சிறிது அரிசியைக் கட்டிக்கொண்டு அவன் புறப்பட்டான். மருத்துவர் அவனைப் பார்த்து, வெட்டித் தைத்துவிடலாம், ஆனால் நூறு நாள் கஞ்சி மட்டுமே அருந்த வேண்டும், சிரிக்கவும் பேசவும் கூடாது என்றார். பாதி வாழ்நாள் பேசாதிருக்கச் சொன்னாலும் இசைவேன் என்று அவன் விடையிறுத்தான். ஆளுநர் அவனுக்குத் தனி இடம் அளித்து, சிகிச்சையும் செய்வித்தார். உதடு கூடியது. பிற்காலத்தில் அவனே அந்த மாநிலத்தின் ஆளுநராகவும் உயர்ந்தான்.

அவனுடைய உறுதி போற்றத்தக்கது. எனினும் அவன் பேறு எதனால் வாய்த்தது? ஆளுநர் மாளிகையில் மருத்துவர் இருந்தார். ஆளுநருக்கு இரக்கமும் இருந்தது. செய்தி அவன் காதுக்கும் எட்டிற்று. இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கப் பெறாத மற்றவர்களின் பெயர்களை எந்த வரலாறும் குறித்து வைக்கவில்லை.

நம் நாட்டின் கதையும் இதற்கு வேறன்று. வெட்டுண்ட மூக்கைச் சீரமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விளக்குகிறது. மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையினரிடம் சிக்கி மூக்கை இழந்தார். புனேயில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலைக் கொண்டு புது மூக்கு அமைத்தார். 1794ஆம் ஆண்டு இலண்டன் இதழ் ஒன்று இதனைப் படத்துடன் வெளியிட்டது. அதைக் கற்றுணர்ந்த ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814இல் இலண்டனில் அதே முறையைக் கையாண்டு வெற்றி கண்டார். நம்மிடையே குடும்பக் கலையாகத் தங்கியிருந்தது, அங்கே நூலாகிப் பலர்க்கும் பாடமாயிற்று. கற்பிக்கப்படாத கலை எத்துணைச் சிறந்ததாயினும் ஏழையின் வாசலை எட்டுவது அரிது.

இருபதாம் நூற்றாண்டில் மயக்க மருந்தும் நுண்ணிய தையல் முறைகளும் வளர்ந்தன. 1955இல் ஸ்டாக்ஹோம் நகரில் ரால்ஃப் மில்லார்ட் எடுத்துரைத்த உதடு சீரமைப்பு முறை உலகெங்கும் பரவிற்று. அதன் பின்னும் ஏழைக் குழந்தை வெளியிலேயே நின்றது. 1982இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் மாகியும் அவர் மனைவி கேத்தியும் ஒரு குழுவினருடன் பிலிப்பைன்ஸ் நாட்டின் நாகா நகருக்குச் சென்றனர். ஏறத்தாழ 40 குழந்தைகளுக்கே சிகிச்சை செய்ய முடிந்தது. நூற்றுக்கணக்கானோர் ஏமாற்றத்துடன் திரும்பினர். அந்த வேதனையிலிருந்தே ‘ஆபரேஷன் ஸ்மைல்’ என்னும் அறநிறுவனம் பிறந்தது. 1999இல் தோன்றிய ‘ஸ்மைல் டிரெயின்’ மற்றொரு வழியை முதன்மையாகக் கொண்டது. வெளிநாட்டு மருத்துவரை அனுப்புவதற்குப் பதிலாக, அந்தந்த நாட்டு மருத்துவருக்கே பயிற்சியும் பொருளும் தந்து, ஆண்டு முழுவதும் இலவசமாகச் சிகிச்சை செய்விப்பதே அவ்வழி.

வந்து செல்லும் அறத்தினும் தங்கி நிற்கும் அறமே பெரிது என்பதை எங்கள் பகுதி முன்னமே கண்டிருக்கிறது. குலசேகரத்திற்கு அண்மையிலுள்ள நெய்யூரில் 1838இல் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிற்று. 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், நெய்யூரில் காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, இலண்டனில் காத்திருந்த எதிர்காலத்தைத் துறந்து இங்கேயே பணிபுரிய வந்தார். அதுபோன்றே, மும்பையைச் சேர்ந்த பார்சி மருத்துவர் அடன்வாலா 1959இல் திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் சேர்ந்தார். பல்லாண்டுகள் அங்கேயே பணிபுரிந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளின் உதட்டையும் அண்ணத்தையும் சீரமைத்தார். அங்குள்ள பிளவுச் சிகிச்சை மையத்திற்கு அவருடைய ஆசான் சார்லஸ் பின்டோவின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. கற்றவர் கற்பித்தவரை மறவாத அந்த மரபில்தான் கலை நிலைபெறுகிறது.

ஆயினும் மருத்துவர் இருந்தால் மட்டும் போதுமா? 2008இல் வெளிவந்து மறு ஆண்டு ஆஸ்கார் பரிசு பெற்ற ‘ஸ்மைல் பிங்கி’ என்னும் ஆவணப்படம், உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்ச் சிறுமி ஒருத்தி வாரணாசியில் இலவசச் சிகிச்சை பெற்றதைக் காட்டுகிறது. அப்படத்தில் என் நெஞ்சில் நின்றவர், ஊர் ஊராக நடந்து, இக்குறை தீரும், பணம் வேண்டியதில்லை என்று சொல்லித் திரிந்த சமூகப் பணியாளரே. சீன இளைஞனின் காதுக்குத் தானே எட்டிய செய்தியை அவர் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டு சென்றார்.

குலசேகரத்தைச் சூழ்ந்துள்ள இரப்பர் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். பால் வெட்டும் தொழிலாளிக்கு ஒரு நாள் பணி தவறினால் அன்றைய கூலி இல்லை. மழை நாளிலும் இல்லை. அறுவைக்குக் கட்டணம் இல்லை என்றாலும், பேருந்துச் செலவும் இழந்த கூலியும் அவர் கணக்கில் நிற்கும். அன்றியும் உதட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்திற்குப் பேச்சு முதிரும் முன்னரும் சிகிச்சை நடப்பது நலம். அதன்பின் பேச்சுப் பயிற்சியும் வேண்டும். ஆகவே ஒருமுறை வந்து போனால் தீருவதன்று. பயணச் செலவையும் தொடர்ந்து கவனிப்பதையும் சேர்த்து ஏற்கும் அறமே முழுமையான அறமாகும். இன்று குலசேகரத்திலேயே மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. 2013இல் மைய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில், பிறவிக் குறைகளைக் கண்டறியும் பட்டியலில் இப்பிளவும் இடம் பெற்றுள்ளது. ஆளுநர் மாளிகையில் ஒருவர்க்குக் கிடைத்தது இன்று எல்லோர்க்கும் உரியதாகி வருகிறது.

இனி எஞ்சி நிற்பது செய்தி ஒன்றே. உங்கள் தெருவில் முந்தானையால் முகம் மறைக்கப்பட்ட குழந்தை ஒன்று இருக்குமாயின், அதன் தாயிடம் இரண்டு சொற்களைச் சொல்லுங்கள்: இது உன் குற்றம் அன்று, இது தீரும். பின்னர் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். கத்தி பிடிக்க நீங்கள் இன்னும் கற்கவில்லை. ஆயினும் இவ்வறத்தில் உங்களுக்குரிய பங்கு இன்றே தொடங்கிவிடும்.