'வேணும்' என்ற விசுவாசப் பிரமாணம்

திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு. வடக்கே, தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல். புதிய ஏற்பாட்டின் தலையாய வினைச்சொற்களுள் ஒன்றாகிய 'பிஸ்தெயுஓ' தமிழ் வடிவம் பெறத் தடுமாறிய இடம் இக்கடற்கரையே.

1542 அக்டோபரில் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தமிழறியாதவர். இருமொழியும் ஓரளவு அறிந்தோரைக் கூட்டி, மாதக்கணக்கில் உழைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் மன்றாட்டுகளையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைச் சேர்த்துக் கற்பித்தார். 1544ஆம் ஆண்டு, உடன் ஊழியர் பிரான்சிஸ்கோ மான்சிலாஸுக்கு எழுதிய மடலொன்றில் அவரே ஒரு பிழையைத் திருத்துகிறார். 'விசுவாசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று கற்பிக்கப்பட்டு வந்ததாம்! கிறிஸ்து பாடுபட்டதைக் கூறும் பகுதியிலும், வலுக்கட்டாயத்தைக் குறிக்கும் சொல்லை நீக்கச் சொல்கிறார். அவர் மனமுவந்தே பாடுபட்டார் அல்லவா?

இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது? திருமுழுக்கு முறைமையில் 'விசுவாசிக்கிறாயா?' என்ற வினாவை அடுத்து, 'திருமுழுக்குப் பெற விரும்புகிறாயா?' என்ற வினாவும் வருகிறது. இரண்டின் விடைகளும் மொழிபெயர்ப்பாளர் நாவில் கலந்திருக்கலாம் என்பது என் ஊகம். சிரித்துவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. நம் மொழிபெயர்ப்புகளும் இச்சொல்லிடம் தோற்றிருக்கின்றன.

யோவான் நற்செய்தியில் 'பிஸ்திஸ்' என்னும் பெயர்ச்சொல் ஓரிடத்திலும் இல்லை. வினைச்சொல்லோ 98 முறை வருகிறது. அவற்றுள் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் 'எய்ஸ்' என்னும் முன்னிடைச்சொல் தொடர்கிறது. ஒன்றை நோக்கி, அதனுள் செல்லும் அசைவை அது உணர்த்தும். பழங்கிரேக்க உரைநடையில் காண்பதற்கரிய இவ்வமைப்பைத் தமிழில் எந்த வேற்றுமையால் பெயர்ப்பது? 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் 3:16இல் 'ஐ' உருபையும், 3:36இல் 'இடத்தில்' என்பதையும் ஆள்கிறது. ஓர் ஆசிரியரின் ஒரே சொற்கட்டு, ஒரே அதிகாரத்தில் இரண்டாகிவிட்டது.

இதைவிடப் பெரிய இழப்பு 2:23-24இல் உள்ளது. அநேகர் அவர் நாமத்தில் 'பிஸ்தெயுஓ' செய்தனர். அவரோ தம்மை அவர்களிடம் 'பிஸ்தெயுஓ' செய்யவில்லை. மூலத்தில் ஒரே வினை. அதே திருப்புதலில் முன்னது 'விசுவாசம்', பின்னது 'நம்பி இணங்குதல்'. லூக்கா 16:11இல் இதே வினை 'ஒப்புவித்தல்' ஆகிறது. ஆகவே ஒப்படைத்தல் என்னும் பொருள் தமிழ் வாசகனுக்கு 'விசுவாசம்' என்ற சொல்லிலிருந்து பிரிந்தே நிற்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'நம்பு' என்னும் வேரை எடுத்துக்கொண்டதை நான் இக்காரணத்தால் வரவேற்கிறேன்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், இக்கரையின் குளியாளி கல் கட்டிய கயிற்றோடு கடலுள் இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பற்றியிருப்பான். கயிறு பிடிப்பவன் ஒருவன் உண்டென்று அறிவது வேறு. அவனிடம் மூச்சை ஒப்படைத்து மூழ்குவது வேறு. யாக்கோபு 2:19இல் பேய்கள் செய்வது முன்னது. 'எய்ஸ்' பேசுவது பின்னதை. சவேரியாருக்குச் சொல் தந்த மொழிபெயர்ப்பாளர் இதைக் கண்முன் கண்டிருந்தும், அவர்கள் நாவில் வந்தது 'வேணும்'தான்.

சவேரியாரின் திருத்தம் நிலைத்தது. ஞாயிறுதோறும் நம் ஆலயங்களில் பிரமாணத்தின்போது ஒலிப்பது 'விசுவாசிக்கிறேன்' என்ற அச்சொல்லே.