இணைப்பியும் முகவரியும்: குறியீட்டின் பெறுமானம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவும் அவற்றை ஆக்கியோரின் புகழ்வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பலர் தனித்தனியே இயற்றிய செய்நிரற் பகுதிகள் எவ்வாறு ஒன்றாகப் பொருந்தின என்ற வினா அதில் போதிய இடம் பெறவில்லை. அக்கூட்டுழைப்பின் தடத்தைத் தாங்கி நிற்பது இணைப்பி என்னும் கருவியே என்பது எமது கருத்தாகும்.

1949 ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் கணனி இயங்கத் தொடங்கியது. அதற்கென டேவிட் வீலர் வகுத்த தொடக்கக் கட்டளைகளின் இரண்டாவது வடிவம், துணைநிரலொன்று நினைவகத்தின் எவ்விடத்தில் வைக்கப்படினும் அதன் முகவரிகளை அவ்விடத்துக்கேற்பத் திருத்த வழிசெய்தது. ஒருவர் எழுதியதைப் பிறரும் எளிதிற் பயன்படுத்தும் துணைநிரல் நூலகம் இதனால் வலுப்பெற்றது. 1952 ஆம் ஆண்டளவில் கிறேஸ் ஹொப்பர் யுனிவாக் கணனிக்கு அமைத்த ஏ-0 முறைமை, நாடாவிலிருந்த துணைநிரல்களை அவற்றின் அழைப்பெண்களைக் கொண்டு தேடியெடுத்து இணைத்தது. அவர் அதனைத் தொகுப்பி என்றழைத்தாராயினும், இன்றைய வழக்கில் அதன் பணி இணைப்பியின் பணியையே பெரிதும் ஒத்தது.

1983 ஆம் ஆண்டில் றிச்சாட் ஸ்ரோல்மன் அறிவித்த குனூ திட்டத்தின் இணைப்பியில் இம்மரபு மேலும் விரிவடைந்தது. அதன் கட்டளைமொழி, ஏ.டி. அன்ட் டி. நிறுவனத்தின் இணைப்பு மொழியை உள்ளடக்கி விரித்ததாகும். தனியுடைமை நிறுவனமொன்றின் மொழி பொதுவுடைமையான கருவியொன்றில் தொடர்ந்து வாழ்ந்தமை கவனத்திற்குரியது.

இம்மொழியில் எழுதப்படும் கட்டளையேட்டில் கோவைகள் தேவை நேரும்வரை கணிக்கப்படுவதில்லை. நினைவகப் பகுதிகளின் தொடக்கமும் நீளமும் முதலிலேயே தெரிந்திருத்தல் வேண்டும். குறியீடுகளின் பெறுமானமோ இட ஒதுக்கீடு நிகழ்ந்த பின்னரே உறுதியாகும். ஆதலின், பிரிவொன்றின் முகவரியே இன்னும் உறுதிப்படாத குறியீடொன்றைச் சார்ந்திருப்பின் இணைப்பி அதனைப் பிழையெனத் தள்ளிவிடும். நடப்பு இடத்தைக் குறிக்கும் புள்ளியின் பொருளும் சூழலைச் சார்ந்ததே. 4096 இல் தொடங்கும் பிரிவினுள் புள்ளிக்கு 256 என வழங்கினால், அது பிரிவின் தொடக்கத்திலிருந்தான தூரத்தையே சுட்டும். உண்மை முகவரி 4352 ஆகும். குறியீட்டின் பெறுமானம் தன்னுள்ளே முடிந்ததன்று, உறவினாலேயே நிர்ணயிக்கப்படுகின்றது.

மேலும், கட்டளையேட்டில் வரையறுக்கப்படும் குறியீடு நினைவகத்தில் இடமெதனையும் பெறுவதில்லை. முகவரி மட்டுமே அதற்குண்டு. 'சி' மொழியில் அதனைச் சாதாரண மாறியாகக் கொண்டு வாசிப்பவர், முகவரிக்குப் பதிலாக அங்குள்ள தொடர்பற்ற உள்ளடக்கத்தையே பெறுவர்.

1991 இல் தோன்றிய லினக்ஸ் கருநிரல், தொடக்கத்தில் மட்டும் தேவைப்படும் பகுதியின் இரு எல்லைகளையும் இத்தகைய குறியீடுகளாலேயே அறிந்து, பின்னர் அந்நினைவகத்தை விடுவிக்கின்றது. பொதுப் பயனாளரோ இணைப்பியினுள் அமைந்த இயல்புநிலைக் கட்டளையேட்டையே அறியாமற் பயன்படுத்துகின்றனர். எது எங்கே இடம்பெற வேண்டும் எனத் தீர்மானிக்கும் அதிகாரம் வாசிக்கத்தக்க ஏடாக வெளிப்பட்டிருப்பது இவ்வரலாற்றின் முக்கிய பேறாகும். அவ்வேட்டை வாசிக்கும் ஆற்றலைப் பலருக்கும் உரியதாக்குவது கல்விச் சமூகத்தின் கடமையென நாம் கருதுகின்றோம்.