நின்றுபோகும் படம்: இணைய வீடியோக் கோளாறுகளைக் கண்டறியும் முறைகள் வளர்ந்த வரலாறு

கணினியில் இணைய வீடியோ ஓடாதபோது சொல்லப்படும் தீர்வுகள் எங்கும் ஏறத்தாழ ஒரே பட்டியலாகவே புழங்குகின்றன: பக்கத்தை மறுபடி ஏற்றுதல், படத்தின் தரத்தைக் குறைத்தல், உலாவியைப் புதுப்பித்தல், வரைகலை அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றிப் பார்த்தல், வன்பொருள் முடுக்கத்தை அணைத்தல். இப்பட்டியலை யாரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்து தொகுக்கவில்லை. ஒவ்வொரு தீர்வும் கடந்த முப்பது ஆண்டுகளில் ஏதோ ஒரு கட்டத்தில், கோளாறு ஏதோ ஓரிடத்தில் குடிகொண்டிருந்தபோது பிறந்தது. கோளாறு இடம் மாறிய பின்னும் தீர்வு மட்டும் பழக்கமாகத் தங்கிவிட்டது. தொலைபேசிக் கம்பியில் தொடங்கிய கோளாறு கோடெக், செருகுநிரல், உலாவி, வரைகலை அட்டை என்று படிப்படியாக நகர்ந்ததையும், அதைக் கண்டறியும் வேலை பார்வையாளரின் கையிலிருந்து மெல்ல மென்பொருளுக்குள் போனதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இப்பட்டியலின் பொருள் விளங்கும்.

முதல் கட்டத்தில் கோளாறு எங்கே இருக்கிறது என்பதில் ஐயமே எழவில்லை. 160×120 புள்ளிகள் கொண்ட மிகச் சிறிய படத்தை, நொடிக்குப் பத்துச் சட்டகங்கள் வீதம், எந்தச் சுருக்கமும் இல்லாமல் அனுப்ப நொடிக்குச் சுமார் 46 லட்சம் பிட்டுகள் தேவை. 1990களின் நடுவில் வீடுகளில் பரவலாக இருந்த மோடம் தொலைபேசிக் கம்பி வழியே கொண்டுவந்ததோ நொடிக்கு 28,800 பிட்டுகள். ஆகவே வீடியோவை நூற்றைம்பது மடங்குக்கும் மேல் சுருக்கினால்தான் அது கம்பிக்குள் அடங்கும். சியாட்டிலில் ராப் கிளேசர் தொடங்கிய புரோகிரசிவ் நெட்வொர்க்ஸ் நிறுவனம் 1995இல் ரியல்ஆடியோவையும், 1997இல் ரியல்வீடியோவையும் வெளியிட்டபோது இந்த நெருக்கடியைச் சமாளிக்கவே முயன்றது. முழுக் கோப்பும் இறங்கி முடியும்வரை காத்திராமல், வந்தவரை சேர்த்துவைத்துக்கொண்டு ஓட்டத் தொடங்குவது ஸ்ட்ரீமிங் எனப்பட்டது. அப்படிச் சேர்த்துவைக்கும் நினைவகப் பகுதி பஃபர் எனப்பட்டது. பஃபரில் உள்ளது தீர்ந்து புதியது வந்து சேராவிட்டால் படம் நிற்கும்; பஃபரிங் என்ற அறிவிப்பு திரையில் தோன்றும்.

இவற்றை ஓட்டிய ரியல்பிளேயர் என்ற நிரலின் அக்காலத்து அமைப்புப் பக்கங்கள் கோளாறைக் கண்டறியும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன. மோடத்தின் வேகம் என்ன என்பதைப் பயனரே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தரவு எந்த வழியில் வர வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்க இடமிருந்தது. யூடிபி என்ற நெறிமுறை, வழியில் தொலைந்த பொதியைத் திரும்பக் கேட்காமல் அடுத்ததை அனுப்பிக்கொண்டே போவதால் நேரலைக்கு ஏற்றது. டிசிபி தொலைந்ததைத் திரும்பப் பெற்ற பிறகே மேலே செல்லும் என்பதால் தாமதமானது, ஆனால் முழுமையானது. அலுவலகங்களின் பாதுகாப்புச் சுவர்கள் பெரும்பாலும் யூடிபியைத் தடுத்துவிட்டதால், டிசிபிக்கோ, வலைப்பக்கங்கள் வரும் எச்டிடிபி வழிக்கோ மாற்றிப் பார்ப்பது அன்றைய முதல் வைத்தியமாயிற்று. ஒரே கோப்பில் பல வேகங்களுக்கான பிரதிகளை வைத்து, கம்பியின் நிலைக்கேற்ப மாற்றி அனுப்பும் ஷ்யூர்ஸ்ட்ரீம் என்ற ஏற்பாட்டை ரியல்நெட்வொர்க்ஸ் என்று பெயர் மாறியிருந்த அதே நிறுவனம் 1998இல் கொண்டுவந்தது. பயனர் செய்துவந்த முடிவு ஒன்றை மென்பொருள் ஏற்றுக்கொண்ட தொடக்ககால நிகழ்வுகளில் இது குறிப்பிடத்தக்கது.

கம்பி ஓரளவு அகன்றதும் கோளாறு கணினிக்குள் புகுந்தது. வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் நிரலே கோடெக். ஒரு கோடெக்கால் சுருக்கியதை அதே முறையை அறிந்த கோடெக்கால்தான் விரிக்க முடியும். மைக்ரோசாப்ட் 1992இல் வெளியிட்ட வீடியோ ஃபார் விண்டோஸ் அறிமுகப்படுத்திய ஏவிஐ கோப்பு, உண்மையில் ஒரு பொதுவான உறை மட்டுமே. உள்ளே இருக்கும் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பதை நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு சொல்லும். உறையைப் பிரிக்கத் தெரிந்த பிளேயரிடம் அந்தக் குறியீட்டுக்கு உரிய கோடெக் இல்லாவிட்டால், ஒலிக்குரிய கோடெக் மட்டும் இருந்துவிடும் பட்சத்தில், சத்தம் கேட்கும், படம் வராது. டிவ்எக்ஸ், எக்ஸ்விட் போன்ற முறைகள் பரவிய 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இதுவே மிகப் பரவலான முறையீடாக இருந்தது. கோப்பின் குறியீட்டைப் படித்து, எந்தக் கோடெக் இல்லை என்று சொல்லும் ஜிஸ்பாட் என்ற சிறு கருவியும், கிடைத்த கோடெக்குகளையெல்லாம் ஒன்றாகக் கட்டித் தந்த தொகுப்புகளும் இக்காலத்தில் செல்வாக்குப் பெற்றன.

அத்தொகுப்புகளே பின்னர் புதிய கோளாறாயின. ஒரே முறைக்கு இரண்டு மூன்று கோடெக்குகள் நிறுவப்பட்டபோது எது முந்துவது என்ற போட்டியில் பிளேயர் முறிந்துவிழுந்தது. "இந்த வீடியோவைப் பார்க்கக் கோடெக்கை நிறுவுங்கள்" என்ற அழைப்புக்குப் பயனர்கள் பழகிப்போனதைச் சாதகமாக்கிக்கொண்டு, 2005இன் இறுதியில் கண்டறியப்பட்ட ஸ்லாப் என்ற தீநிரல் தன்னைக் கோடெக்காகவே காட்டிக்கொண்டு கணினிகளுக்குள் நுழைந்தது. இச்சிக்கலுக்கு நிலையான விடை பிரான்சிலிருந்து வந்தது. பாரிஸின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரியில் 1996இல் மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்ட விஎல்சி, தேவையான கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. கணினியில் வேறு எது நிறுவப்பட்டிருக்கிறது என்பது அதற்குப் பொருட்டாக இருக்கவில்லை.

இணையத்தில் நேரடியாகப் பார்க்கும் வீடியோவுக்கு அதே வசதியை அளித்தது ஃபிளாஷ். அசைபடங்களுக்காக உருவான இந்தச் செருகுநிரல், அதாவது உலாவியோடு இணைந்து இயங்கும் துணை நிரல், 2002இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து வீடியோவையும் காட்டத் தொடங்கியது. ஏற்கெனவே பெரும்பாலான கணினிகளில் அது நிறுவப்பட்டிருந்ததால், 2005இல் தொடங்கப்பட்ட யூடியூப் பயனரிடம் கோடெக்கைப் பற்றியோ மோடம் வேகத்தைப் பற்றியோ எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேள்விகள் குறைந்தபோதிலும் காத்திருப்பு குறையவில்லை. இந்தியாவின் 2004ஆம் ஆண்டு அகலக்கற்றைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலக்கற்றைக்கான குறைந்தபட்ச அளவாக வரையறுத்தது. 2013இல்தான் அது 512 கிலோபிட்டாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களில் அத்தகைய ஒரே இணைப்பைப் பல கணினிகள் பகிர்ந்துகொண்ட நிலையில், வீடியோவைத் திறந்தவுடன் பாஸ் பொத்தானை அழுத்திவிட்டு, படத்தின் அடியிலுள்ள பட்டையில் இறங்கிய அளவைக் காட்டும் கோடு வலக்கோடிவரை நகர்ந்து முடிந்த பிறகு பார்க்கும் வழக்கம் உருவாயிற்று. ஃபிளாஷ் பிளேயர் பார்வையாளர் நிறுத்தியிருந்தாலும் கோப்பை முழுவதுமாக இறக்கிக்கொண்டே இருந்ததால்தான் இந்த உத்தி பலித்தது.

ஃபிளாஷின் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. பாதுகாப்பு ஓட்டைகள் அடுத்தடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டன. படத்தை விரிக்கும் வேலையை நெடுங்காலம் மையச் செயலியே செய்ததால் கணினி சூடேறி, மின்விசிறி இரைந்து, படம் விட்டுவிட்டு ஓடியது. வரைகலை அட்டையைக் கொண்டு, எச்.264 என்ற முறையில் சுருக்கிய படத்தை விரிக்கும் வசதி 2010இல் வந்த 10.1 பதிப்பில்தான் விண்டோஸ் கணினிகளுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட திறந்த மடல், ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை என்பதை உறுதிப்படுத்தியது. செருகுநிரல் இல்லாமல் உலாவியே வீடியோவைக் காட்டட்டும் என்ற யோசனையை ஓபெரா நிறுவனம் 2007இலேயே முன்வைத்திருந்தது. அது வலைப்பக்கங்களுக்கான எச்டிஎம்எல்5 தரத்தின் பகுதியாயிற்று. யூடியூப் 2015 ஜனவரியில் அதையே இயல்புநிலை ஆக்கியது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்தது. ஆகவே ஃபிளாஷை மறுபடி நிறுவச் சொல்லும் அறிவுரை எங்கேனும் இன்று தென்பட்டால், அது காலாவதியானது மட்டுமல்ல, தீநிரலுக்கான தூண்டிலாகவும் இருக்கக்கூடும்.

உலாவியே வீடியோவைக் காட்டத் தொடங்கியபோது, ஓய்ந்துவிட்டதாகத் தோன்றிய கோடெக் சிக்கல் வேறு உருவில் திரும்பியது. எச்.264 முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு என்பதால் ஃபயர்ஃபாக்ஸ் அதை ஏற்க மறுத்து, 2009இல் தியோரா என்ற கட்டணமற்ற கோடெக்கை ஆதரித்தது. ஆப்பிளின் சஃபாரி எச்.264ஐயே பற்றி நின்றது. எந்தக் கோடெக் கட்டாயம் என்று தரம் வகுத்தவர்களாலேயே உடன்பாடு காண முடியாமல் அந்த விதி கைவிடப்பட்டது. பின்னர் ஃபயர்ஃபாக்ஸ் இயங்குதளத்திலுள்ள கோடெக்கைப் பயன்படுத்திக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. இச்சமரசத்தின் ஒரு விளைவு இன்றும் வியப்பளிப்பது. விண்டோஸோடு மீடியா பிளேயரைச் சேர்த்தே விற்றது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று ஐரோப்பிய ஆணையம் 2004 மார்ச்சில் தீர்ப்பளித்து, மைக்ரோசாப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதன்படி பிளேயர் நீக்கப்பட்ட, 'N' என்ற எழுத்தால் குறிக்கப்படும் விண்டோஸ் பதிப்புகள் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தன. இப்பதிப்புகளில் இயங்குதளத்தின் எச்.264 கோடெக்கும் இருப்பதில்லை. ஆகவே அங்கே ஃபயர்ஃபாக்ஸில் பல வீடியோக்கள் ஓடாமல் போவதும், மைக்ரோசாப்டின் மீடியா ஃபீச்சர் பேக்கை நிறுவியதும் ஓடுவதும் அந்தத் தீர்ப்பின் தொலைதூர எச்சம்.

வரைகலை அட்டை தொடர்பான கோளாறுகளின் வரலாறு இவற்றுக்கு இணையாக ஓடுவது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிளேயர் தன் சாளரத்தில் ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் பூசும். திரைக்குப் போகும் கடைசி நொடியில் அட்டை அந்த நிறம் உள்ள இடத்தில் படத்தைப் பொருத்தும். ஓவர்லே எனப்பட்ட இவ்வசதி பல அட்டைகளில் ஒரு நேரத்தில் ஒரு படத்துக்கே இருந்ததால், இரண்டாவது வீடியோ வெறும் கறுப்பாகவோ நீலமாகவோ தெரிந்தது. திரை அமைப்புகளின் உள்ளே டிரபிள்ஷூட் என்ற பக்கத்திலிருந்த வன்பொருள் முடுக்க நகர்த்தியை இடப்பக்கம் தள்ளிக் குறைப்பதே அதற்கு வழங்கிய மருந்து. உலாவியில் வன்பொருள் முடுக்கத்தை அணைக்கச் சொல்லும் இன்றைய அறிவுரை அதன் நேரடி வாரிசு. வீடியோ தொடர்பான வேலையை அட்டையிடமிருந்து பறித்து மையச் செயலியிடம் கொடுப்பதுதான் இரண்டும் செய்வது. டிரைவரில் பிழை இருந்தால் இது பலிக்கும். பிழை வேறிடத்தில் இருந்தால் செயலியின் சுமை கூடிப் படம் இன்னும் தடுமாறும்.

முழுத் திரையும் பச்சையாகிவிடும் கோளாறின் நிறத்துக்கும் காரணம் உண்டு. வீடியோவில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று சேமிக்கப்படாமல், ஒளிர்வுக்கு ஓர் எண், நிற வேறுபாடுகளுக்கு இரண்டு எண்கள் என்று சேமிக்கப்படுகிறது; நிறமற்ற நிலையைக் குறிப்பது பூச்சியமாக அல்லாமல் நடு எண்ணான 128 ஆகும். விரிக்கும் நிரல் தோற்று, அட்டையின் நினைவகம் நிரப்பப்படாமல் மூன்று எண்களும் பூச்சியமாகவே கிடந்தால், கணக்கின்படி சிவப்பும் நீலமும் பூச்சியத்துக்குக் கீழே போய் மறைய, பச்சை மட்டும் எஞ்சும். எனவே பச்சைத் திரை, இணைப்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை என்பதற்கும், கோடெக்குக்கும் டிரைவருக்கும் இடையே தேட வேண்டும் என்பதற்கும் நல்ல சான்று.

ஷ்யூர்ஸ்ட்ரீம் தொடங்கிவைத்த எண்ணம் முழு வடிவம் பெற்றது 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012இல் பன்னாட்டுத் தரமான டேஷ் ஆகியவற்றால். இவற்றில் வீடியோ சில நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் வைக்கப்படுகிறது. முந்தைய துண்டு வந்த வேகத்தைப் பார்த்து அடுத்த துண்டின் தரத்தைப் பிளேயரே முடிவுசெய்கிறது. கம்பி மெலிந்தால் படம் நிற்பதற்குப் பதிலாக மங்குகிறது. தேவைக்குச் சற்று முன்வரை மட்டுமே துண்டுகள் இறக்கப்படுவதால், நிறுத்திவைத்து முழுப் படத்தையும் சேர்த்துக்கொள்ளும் பிரவுசிங் சென்டர் உத்தி இதோடு முடிவுக்கு வந்தது. தரம் குறைவது எப்போதும் கோளாறாக இருக்க வேண்டியதில்லை என்பதை 2020 மார்ச் உணர்த்தியது: பெருந்தொற்றால் மக்கள் வீடடங்கியபோது, இணையத்தின் பளுவைக் குறைக்க நெட்ஃபிளிக்ஸ் ஐரோப்பாவில் தன் தரவளவைத் தானே குறைத்துக்கொண்டது, யூடியூப் உலகெங்கும் சாதாரணத் தரத்தையே இயல்புநிலை ஆக்கியது.

மென்பொருள் ஏற்றுக்கொண்ட நோயறிதலை எட்டிப் பார்க்க யூடியூபில் ஒரு சிறு சாளரம் உண்டு. ஓடும் வீடியோவின்மீது வலச்சொடுக்கி, ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், கோடெக்கின் பெயர், இணைப்பின் வேகம், கைவசம் இருக்கும் நொடிகளைக் காட்டும் பஃபர் நிலை, காட்ட முடியாமல் கைவிட்ட சட்டகங்களின் எண்ணிக்கை ஆகியவை தெரியும். பஃபர் நிலை பூச்சியத்தை நோக்கி இறங்கினால் குறை இணைப்பில். பஃபர் நிறைவாக இருந்தும் கைவிட்ட சட்டகங்கள் ஏறிக்கொண்டே போனால் குறை கணினியில். இரண்டாவது நிலையில் கோடெக்கின் பெயரைப் பார்ப்பது பயனுள்ளது: விபி9, ஏவி1 போன்ற புதிய முறைகளை விரிக்கும் சுற்று பழைய வரைகலை அட்டைகளில் இல்லை, அத்தகைய கணினியில் முழு வேலையும் செயலியின் தலையில் விழுகிறது.

இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பயன், தீர்வுகளைப் பட்டியலின் வரிசைப்படி ஒவ்வொன்றாக முயல வேண்டியதில்லை என்பதே. நின்று சுற்றும் படம் கம்பியின் காலத்துக்குரியது. தரத்தைக் குறைப்பதும் வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறுவதும் அதற்கே உரியவை. சத்தம் மட்டும் வருவதும் திரை பச்சையாவதும் கோடெக்கையும் டிரைவரையும் சேர்ந்தவை. அவற்றுக்கு இணைய நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைப்பதால் பயனில்லை. எந்தக் காரணமும் சொல்லாமல் திரை கறுத்துப்போவது சில சமயம் வேறு வகை: கட்டணத் தளங்களில் நகலெடுப்பதைத் தடுக்கும் உரிமைப் பூட்டு, திரைக்கும் கணினிக்கும் இடையே தனக்கு வேண்டிய பாதுகாப்பைக் காணாதபோது படத்தை வேண்டுமென்றே மறைக்கிறது. மற்ற கோளாறுகளைப் பொறியாளர்கள் முப்பது ஆண்டுகளாக ஒவ்வொன்றாகக் களைந்துவந்திருக்க, இது ஒன்று கோளாறாக அல்லாமல் விதியாகவே கட்டப்பட்டிருக்கிறது.