படச் சட்டம் செய்த குடும்பம்

சட்டம் என்றதும் நேயர்கள் வழக்குமன்றத்தை எண்ணிவிட வேண்டாம். படத்தைச் சுற்றிப் போடுகிறோமே, அந்த மரச்சட்டத்தைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். நம் வீட்டுக் கூடங்களில் தெய்வப் படங்களும் முன்னோர் படங்களும் தொங்குகின்றன. அவற்றை வணங்குகிறோம், உற்று நோக்குகிறோம். சட்டத்தை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. அந்தச் சட்டத்தைச் செய்து பிழைத்த கடையொன்று, பிற்காலத்தில் ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஓவியங்கள் கைமாறும் இடமாக உயர்ந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து ஆக்னியூ குடும்பத்தாரின் வரலாறு அது.

கடையைத் தொடங்கியவர் ஆக்னியூ அல்லர். வித்தோரே சனேத்தி என்னும் இத்தாலியர். அக்காலத்தில் வட இத்தாலியிலிருந்து கைவினைஞர் பலர் இங்கிலாந்தில் குடியேறி, முகம் பார்க்கும் கண்ணாடி, காற்றழுத்தமானி, படச்சட்டம் ஆகியவற்றைச் செய்து விற்றனர். சனேத்தியும் அவர்களுள் ஒருவர். 1810இல் அவரிடம் தொழில் பழக வந்து சேர்ந்தான், லிவர்ப்பூலில் பிறந்த தாமஸ் ஆக்னியூ என்னும் பதினாறு வயதுச் சிறுவன். ஏழாண்டு கழித்து, 1817இல், அவன் முதலாளியின் கூட்டாளியானான். சில ஆண்டுகளில் சனேத்தி ஒதுங்கிக்கொள்ள, கடை ஆக்னியூவின் கைக்கு வந்தது.

அச்சிறுவன் கற்ற தொழில் எளிதன்று. செதுக்கிய மரத்தின்மேல் சீமைச்சுண்ணாம்பையும் தோற்பசையையும் குழைத்துப் பல பூச்சுகள் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். அதன்மேல் நுண்ணிய செங்களி. அதை நீரால் ஈரமாக்கி, தங்க ரேக்கைத் தூரிகை நுனியால் எடுத்து ஒட்டுவார்கள். ரேக்கு எவ்வளவு மெல்லியதென்றால், வேலை செய்பவன் பெருமூச்சு விட்டாலும் பறந்துவிடும். சன்னலைச் சாத்திக்கொண்டுதான் இவ்வேலை நடக்கும். இறுதியில் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சிற்றுளியால் செதுக்குவதற்குச் செலவு மிகுதி. ஆதலால் சுண்ணாம்பு, பசை, குங்கிலியம், ஆளிவிதை எண்ணெய் இவற்றைப் பிசைந்து அச்சில் அழுத்திப் பூவேலை எடுக்கும் முறையும் பரவியது. ஆலை நகரத்தில் சுவர்கள் பெருகப் பெருக, சட்டங்களும் இம்முறையில் பெருகின.

அந்தச் சுவர்களை எழுப்பிய செல்வம் பருத்தியிலிருந்து வந்தது. மான்செஸ்டர்த் துணி நம் நாட்டுச் சந்தையை நிரப்பி, நம் நெசவாளரின் தறிகளை ஓயவைத்த கதையை நேயர்கள் அறிவார்கள். அந்த ஆதாயத்தின் ஒரு பங்கு ஆலை முதலாளிகளின் மாளிகைகளில் ஓவியங்களாகத் தொங்கிற்று. ஆனால் அம்முதலாளிகளுக்கு ஓர் அச்சமும் இருந்தது. பழம்பெரும் இத்தாலிய ஓவியரின் பெயரால் போலிப் படங்கள் தாராளமாக விற்கப்பட்ட காலம் அது. துணியின் இழையை விரலால் தடவி மதிப்பிடத் தெரிந்தவர்களுக்கு ஓவியத்தை மதிப்பிடத் தெரியவில்லை. இந்த இடத்தில்தான் சட்டக்கடைக்காரருக்கு வேலை வந்தது. அவர் ஏற்கெனவே அவ்வீடுகளுக்குள் சென்று சுவரை அளந்தவர். வாக்களித்த நாளில் வேலையை முடித்துக் கொடுத்தவர். அவர் ஒரு படத்தைக் காட்டி, இது உண்மையானது என்றால் அந்தச் சொல்லை நம்பலாம். உயிரோடிருக்கும் ஆங்கில ஓவியரின் படமாயிருந்தால் போலி என்ற ஐயமும் குறைவு. டர்னர், டேவிட் காக்ஸ் போன்றோரின் படைப்புகள் இக்கடை வழியாக வடநாட்டு மாளிகைகளை அடைந்தன. ஆக்னியூ விற்றது ஓவியம் என்பதைவிடத் தம் சொல் என்பதே பொருந்தும் என்று நான் கருதுகிறேன்.

வணிகம் என்றால் எல்லாமும் உண்டு. 1857ஆம் ஆண்டுப் புரட்சியில் லக்னோ முற்றுகை முறியடிக்கப்பட்டதும், அக்காட்சியைப் பெரிய ஓவியமாக்கத் தாமஸ் ஜோன்ஸ் பார்க்கர் என்னும் ஓவியரை இக்கடையார் அமர்த்தினர். இடங்களையும் மனிதரையும் நேரில் வரைந்து வர எக்ரோன் லுண்ட்கிரென் என்னும் சுவீடன் நாட்டுக் கலைஞர் 1858இல் இந்தியாவுக்கே அனுப்பப்பட்டார். நமக்கு அது விடுதலைப் போரின் தோல்வி. அவர்களுக்கோ கூடத்தில் மாட்டுவதற்கேற்ற வெற்றி.

தாமஸின் மகன் வில்லியம் 1860இல் லண்டனில் கிளை திறந்தார். 1870களின் நடுவில் ஓல்டு பாண்டு தெருவில் சொந்தக் கட்டடமும் எழுந்தது. அங்கேதான் குடும்பத்தின் பெரிய சோதனை நேர்ந்தது. 1876 மே மாதத்தில், கெயின்ஸ்பரோ வரைந்த டெவன்ஷயர் கோமகளின் உருவப்படத்தைப் பதினாயிரம் கினிக்கு மேல் கொடுத்து வில்லியம் ஏலத்தில் எடுத்தார். அது அதுவரை கேட்டிராத விலை. மக்கள் கட்டணம் கொடுத்துத் திரண்டு வந்து பார்த்தனர். மூன்று வாரம் ஆகுமுன், ஒரு நள்ளிரவில், மாடிச் சன்னல் வழியே புகுந்த திருடன் கித்தானைக் கத்தியால் அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் எஞ்சியிருந்தது சட்டம் ஒன்றுதான். சட்டம் செய்து முன்னுக்கு வந்த குடும்பத்திற்குத் திருடன் சட்டத்தை மட்டும் விட்டுச் சென்றான்!

ஆயிரம் பவுன் பரிசு அறிவிக்கப்பட்டது. படத்தின் ஓரத்தில் வெட்டிய கித்தான் துண்டுகளோடு பேரம் பேசும் கடிதங்களும் வந்தன, பேரம் முடியவில்லை. படம் இருபத்தைந்து ஆண்டு மறைந்தே கிடந்தது. திருடியவன் ஆடம் வொர்த் என்னும் பேர்போன கொள்ளைக்காரன். 1901இல் அமெரிக்கத் துப்பறிவோரின் ஏற்பாட்டால் சிக்காகோ நகரில் படம் திரும்பக் கிடைத்தது. அதனை அடையாளம் காணக் கடல் கடந்து சென்றவர் வில்லியத்தின் மகன் மார்லண்ட். மீண்ட படத்தை அமெரிக்கச் செல்வர் ஜே. பி. மார்கன் வாங்கினார். கோமகளின் கணவர் வழியினர் 1994இல் அதை மீண்டும் விலைக்கு வாங்கித் தம் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குக் கொண்டுசென்றனர்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். 1906இல் வெலாஸ்குவெஸ் வரைந்த புகழ்பெற்ற வீனஸ் ஓவியம் 45,000 பவுனுக்கு ஆக்னியூ கடையிலிருந்து லண்டன் தேசிய ஓவியக் கூடத்தை அடைந்தது. பல தலைமுறை அத்தொழிலிலேயே நிலைத்தது. ஆயினும் ஏல நிறுவனங்கள் நேரடியாகவே செல்வரை அணுகத் தொடங்கியபின், பழைய கடைகளுக்கு இடம் குறைந்தது. 2008இல் ஓல்டு பாண்டு தெருக் கட்டடம் விற்கப்பட்டது. 2013இல் குடும்பத்தார் வணிகத்தை நிறுத்தினர். கடையின் பெயரை வேறொருவர் வாங்கி நடத்தலானார்.

கணக்குப் புத்தகங்களைத் தேசிய ஓவியக் கூடம் 2014இல் பெற்றுக்கொண்டது. எந்தப் படம் யாரிடம், எந்த நாளில், என்ன விலைக்கு வாங்கப்பட்டது, பின் யாரிடம் போயிற்று என்ற விவரம் அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு படம் மெய்யா பொய்யா என்ற வழக்கு எழும்போது ஆராய்ச்சியாளர் இன்றும் அந்தப் பேரேடுகளைப் புரட்டுகின்றனர்.