46 நாளில் வந்த பாலமும் வராமல் போன ஊரும்



டிசம்பர் பிறந்தாலே எனக்குத் தனுஷ்கோடி நினைவு வந்துவிடும். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், பாடத்தில் இருக்கிறதோ இல்லையோ, 22-ஆம் தேதி வாக்கில் ஒரு பீரியடு அதற்கே போய்விடும். பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்த கதையைச் சொல்வேன். நீங்கள் கை தட்டுவீர்கள். மணி அடித்துவிடும். அந்தக் கதையில் நான் சொல்லாமல் விட்ட பாதியை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964-இல் நான் பரமக்குடியில் இரண்டாம் வகுப்பு. அன்று இரவு முழுக்க ஓடு பறக்கிற சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் பெரியப்பாவுக்குக் கொழும்பில் சின்னதாக ஒரு கடை. எழும்பூரில் இருந்து வரும் போட் மெயிலில் எங்கள் ஊரில் ஏறினால் நேரே தனுஷ்கோடித் துறைமுகம். அங்கே ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததில் இருந்து இதுதான் சிலோனுக்குப் போகும் வழி. ராமேஸ்வரம் அப்போது பாம்பனில் இருந்து பிரிந்து போகிற கிளைப் பாதைதான். ரயில்வே ஸ்டேஷன், கஸ்டம்ஸ் ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில், தங்கும் விடுதிகள் என்று தனுஷ்கோடி முழு ஊராக இருந்தது. பெரியப்பா அதைச் சொல்லும்போது மதுரையைச் சொல்வது மாதிரி சொல்வார்.

அந்த ஊர் நின்ற இடத்தை வரைபடத்தில் பாருங்கள். இரண்டு கடலுக்கு நடுவே ஒரு மணல் நாக்கு. வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், அமைதியானது. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், அலை அடிக்கிற கடல். அந்தமான் கடலில் டிசம்பர் 17 வாக்கில் உருவான தாழ்வழுத்தம் புயலாக முற்றி, 22-ஆம் தேதி இலங்கையின் வடபகுதியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. அன்று நள்ளிரவில் கடல் ஊருக்குள் ஏறியது. 20 அடிக்கு மேல் தண்ணீர் என்று பதிவுகள் சொல்கின்றன. சிலர் இதைச் சுனாமி என்று எழுதுகிறார்கள், தவறு. சுனாமிக்குப் பூகம்பம் மாதிரி கடலடியில் ஏதாவது நடக்க வேண்டும். இது காற்று தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர்.

பாம்பனில் இருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் சிக்னல் கிடைக்காமல் நின்றது, பிறகு மெல்ல நகர்ந்தது. அதோடு சரி. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று யார் கணக்கு வைத்திருப்பார்கள்? புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்ததாகச் சொல்வார்கள்.

இனி நான் வகுப்பில் சொன்ன பாதி. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்பு கர்டர்கள் கடலில் விழுந்துவிட்டன. கப்பலுக்குத் திறந்துவிடுகிற நடுப்பகுதி தப்பியது. பாலத்தைச் சீரமைக்க முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்று குறைத்தார்கள். பொறுப்பேற்ற 32 வயது எஞ்சினியர் இ. ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டினாரே அவர்தான், 46 நாளில் முடித்தார். புது கர்டர் செய்து முடிக்க நேரமில்லாததால், விழுந்தவற்றையே கடலில் இருந்து தூக்கி மறுபடி பொருத்தினார்கள். அவை எங்கே கிடக்கின்றன என்று காட்டிக் கொடுத்தது உள்ளூர் மீனவர்கள். அவருக்கு ரயில்வேயில் 1,000 ரூபாய் பரிசு கொடுத்தார்கள்.

ஒரு வருடம் இதைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, “சார், ரயில் மறுபடி தனுஷ்கோடிக்குப் போச்சா?” என்றாள். அவள் ஆச்சி அந்த ஊர்க்காரர் என்று எனக்கு அப்போது தெரியாது. “போகலைம்மா, ராமேஸ்வரம் வரைக்கும்தான்” என்றேன். “அப்ப யாருக்கு சார் பாலம் கட்டுனாங்க?” என்றாள். எனக்குக் கோபம் வந்து உட்காரச் சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தண்டவாளம் மறுபடி போடப்படவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, இலங்கைப் போர் வரும்வரை அங்கிருந்து ஓடியது. அறிவிப்பு தவறு என்று நான் சொல்லமாட்டேன். அந்த மணலில் மறுபடி ஆயிரக்கணக்கில் குடியேற்றியிருந்தால் அடுத்த புயலுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் மீனவனுக்குக் கடல் இருக்கிற இடம்தான் ஊர். அவர்கள் திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டுக் கரைவலை இழுத்தார்கள். கரண்ட் கிடையாது, ரோடு கிடையாது. அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது 2017-இல். பாலத்துக்கு 46 நாள், ரோட்டுக்கு 50 வருடத்துக்கு மேல்.

ரோடு வருவதற்கு முன்பு ஒரு முறை வேனில் மணல் மேலே குலுங்கிக்கொண்டு போனேன். இடிந்த மாதா கோயிலுக்குப் பக்கத்தில் சங்குமாலை விற்ற ஒரு அம்மா, மணலில் கையால் தோண்டிய ஊற்றில் இருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். இரண்டு பக்கமும் கடல் இருந்தும் துளி உப்பு இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேலே தங்குகிறது என்று விஞ்ஞானம் சொல்லும். ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும் என்று அந்த அம்மாவுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

கேள்வி கேட்ட பெண் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், இதைப் படிப்பாள் என்று நினைக்கிறேன். அன்றைக்கு உட்காரச் சொன்னதற்கு மன்னித்துக்கொள் அம்மா. உன் ஆச்சி சொன்னதில் ஞாபகம் இருப்பதை கமெண்ட்டில் எழுது. மற்றவர்கள் வீட்டிலும் பழைய போட் மெயில் டிக்கெட்டோ தனுஷ்கோடியில் எடுத்த போட்டோவோ இருந்தால் தேடிப் பாருங்கள். பெரியப்பா வீட்டுப் பெட்டியில் நான் தேடியதில் கரையான்தான் மிஞ்சியிருந்தது.