உணவுக் கொழுப்பும் கொலஸ்டிராலும்: ஒரு கருதுகோளின் வரலாறு

கொலஸ்டிரால், விலங்குகளின் ஒவ்வோர் உயிரணுச் சவ்விலும் இருக்கும் மெழுகு போன்ற பொருள். பித்த அமிலங்கள், விட்டமின் டி, பாலின ஹார்மோன்கள் எல்லாம் இதிலிருந்தே உண்டாகின்றன. நமக்கு வேண்டிய கொலஸ்டிராலில் பெரும்பகுதியை உடலே செய்துகொள்கிறது. முட்டை, இறைச்சி, பால் வழியாக வெளியிலிருந்து வருவது சிறுபகுதிதான். தாவரங்களில் இது சொல்லும்படியான அளவில் இல்லை. ஆகவே கடலை எண்ணெய் டின்னில் 'கொலஸ்டிரால் இல்லாதது' என்று அச்சிடுவது பொய்யல்ல. எந்தத் தாவர எண்ணெய்க்கும் பொருந்தும் ஒன்றைத் தனிச்சிறப்பாகக் காட்டும் வியாபாரம்.

இத்துறையின் வரலாற்றில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தால் மாரடைப்பு வருமா என்பது ஒன்று. உண்ணும் கொலஸ்டிராலும் கொழுப்பும் மிகுந்தால் இரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறுமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு 'ஆம்' என்னும் விடை நூறாண்டுகளாக வலுத்துவந்திருக்கிறது. இரண்டாவதன் விடையோ பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று கொண்டதால் விளைந்த சச்சரவுகள் ஏராளம்.

பித்தக்கல்லும் முயலும்

18-ஆம் நூற்றாண்டு பிரான்சில், பித்தப்பைக் கற்களைக் கரைத்துப் பார்த்தவர்களின் கையில் இப்பொருள் முதலில் அகப்பட்டது. காரம் சேர்த்துக் காய்ச்சினால் மற்றக் கொழுப்புகள் சோப்பாகிவிடும், இது ஆவதில்லை. அதைக் கவனித்து, 1810-களில் இதற்குத் தனிப்பெயர் இட்டவர் வேதியியலர் மிஷெல் யூஜீன் ஷெவ்ரல். நோயோடு இதைத் தொடர்புபடுத்தியவர் ஜெர்மனியின் அடோல்ஃப் விண்டாவுஸ். தடித்துக் கெட்டிப்பட்ட தமனிகளில் இயல்பான தமனிகளைவிட 20 மடங்குக்கும் மேல் கொலஸ்டிரால் இருப்பதாக அவர் 1910-இல் அளந்து சொன்னார்.

மூன்றாண்டு கழித்து, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவும் செம்யோன் கலாத்தோவும் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த தூய கொலஸ்டிராலை முயல்களுக்குக் கொடுத்தார்கள். முயல்களின் தமனிச் சுவர்களில் மனித நோயை ஒத்த படிவுகள் உண்டாயின. ஆனால் இதே தீனி எலியையும் நாயையும் அசைக்கவில்லை. இலை தின்னும் முயலுக்குக் கொலஸ்டிராலைக் கையாளும் ஏற்பாடு உடலில் போதவில்லை என்றும், மனிதன் முயல் அல்லன் என்றும் கூறிப் பலர் ஆய்வை ஒதுக்கினர். அந்த மறுப்பிலும் நியாயம் இருந்தது. இரத்தத்தில் மிகுந்தால் தமனியில் படியும் என்பதைத்தான் முயல் காட்டியது. தின்றால் மிகும் என்பது எல்லா உயிருக்கும் பொருந்தாது.

கொலஸ்டிரால் நீரில் கரையாதது. எனவே இரத்தத்தில் தனியே ஓடாது. புரதம் போர்த்திய துகள்களில் ஏறித்தான் பயணம் செய்யும். அணுகுண்டுத் திட்டத்தில் புளூட்டோனியத்தோடு மல்லாடிய ஜான் கோஃப்மன், பின்பு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதிவேகச் சுழற்சிக் கருவியால் இந்தத் துகள்களை அடர்த்தி வாரியாகப் பிரித்து 1950-இல் வெளியிட்டார். இன்று இரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்டிஎல், எச்டிஎல் என்று வரும் பிரிவுகளின் தொடக்கம் அதுவே. எல்டிஎல் கொலஸ்டிராலைத் திசுக்களுக்குக் கொண்டுபோகிறது. மிகுந்தால் தமனிச் சுவருக்குள் நுழைந்து தங்குகிறது.

கீஸும் அவருடைய ஏழு நாடுகளும்

அமெரிக்காவில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் சாய்வது 1950-களில் பெரும் பேச்சாக இருந்தது. கொரியப் போரில் இறந்த 300 வீரர்களைப் பிணக்கூறாய்வு செய்தபோது, சராசரி 22 வயதே ஆன அவர்களில் 77 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் தெரிந்தது. 1955 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரே மாரடைப்பில் படுத்தார். மாசச்சூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹம் ஊரில் 5,209 பேரை 1948 முதல் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றோடு உயர்ந்த கொலஸ்டிராலையும் ஆபத்துக் காரணிகளின் வரிசையில் சேர்த்தது.

போர்வீரர்களுக்கான 'கே' உணவுப் பொட்டலத்தை வடிவமைத்த மின்னசோட்டா உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ், உணவுக் கேள்வியைக் கையிலெடுத்தார். 1953-இல் ஆறு நாடுகளின் கொழுப்பு நுகர்வையும் இதயநோய்ச் சாவையும் ஒரே வரைபடத்தில் நிறுத்திக் காட்டினார்; புள்ளிகள் வளைகோட்டில் அழகாக அமர்ந்தன. 22 நாடுகளுக்குப் புள்ளிவிவரம் இருக்கையில் ஆறு மட்டும் ஏன் என்று யெருஷால்மி, ஹில்லெபோ இருவரும் 1957-இல் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்றும் பலர் இந்த வரைபடத்தையும், 1958-இல் அவர் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வையும் ஒன்றாக எண்ணி வசைபாடுகிறார்கள். பின்னது வேறு வகை: அமெரிக்கா, ஃபின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரேக்கம், ஜப்பான் ஆகிய நாடுகளில் 40 முதல் 59 வயது வரையிலான 12,763 ஆண்களை நேரில் பரிசோதித்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு. நாடுகளைத் தேர்ந்தெடுத்ததில் குறை காணலாம். எண்களை இட்டுக்கட்டினார் என்று சொல்ல இடமில்லை.

கிழக்கு ஃபின்லாந்தில் இதயநோய் மிக அதிகம். ஜப்பானிலும் கிரீட் தீவிலும் மிகக் குறைவு. கிரீட்காரர்கள் கொழுப்பைக் குறைத்து உண்டவர்கள் அல்லர். அவர்களுடைய கலோரியில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொழுப்பு, அதிலும் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெய். ஆக, மொத்தக் கொழுப்பன்று. வெண்ணெய், கொழுப்பிறைச்சி ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பே இரத்தக் கொலஸ்டிராலோடு ஒத்துப்போனது. உணவிலுள்ள கொலஸ்டிரால் மனிதரின் இரத்தக் கொலஸ்டிராலை அதிகம் பாதிப்பதில்லை என்று 1956-இலேயே எழுதியவரும் இதே கீஸ்தான். முட்டையை எதிர்த்தவர் என்ற பெயர் அவருக்கு எப்படி வந்ததோ!

ஒத்துவராத உண்மைகளும் அப்போதே கிடைத்தன. இந்திய ரயில்வே மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ரயில்வே ஊழியர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1967-இல் வெளியிட்ட கட்டுரை அவற்றுள் ஒன்று. நெய்யும் பாலும் தாராளமாக உண்ட பஞ்சாபியரைவிட, மிகக் குறைவாகக் கொழுப்பு உண்ட தென்னிந்தியரிடம் இதயநோய் ஏழு மடங்கு என்றது அது. தென்னிந்தியர் உண்ட கொழுப்பும் பெரும்பாலும் வித்து எண்ணெய். அவர் கூறிய காரணங்கள் நிலைக்கவில்லை. பதிவேடுகளை வைத்துச் செய்த இத்தகைய ஒப்பீட்டில் பிழைக்கும் இடமுண்டு. ஆனாலும் கொழுப்பு ஒன்றை மட்டும் குற்றவாளியாக்க முடியாது என்பதற்குத் தென்னகமே சாட்சி சொன்னது. மேலை நாடுகளில் அதை அதிகம்பேர் கேட்கவில்லை.

அறிவுரையாக மாறியபோது

அமெரிக்க இதயச் சங்கம் 1961-இல் நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கச் சொன்னது. 1968-இல் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்டிரால், வாரத்துக்கு அதிகபட்சம் மூன்று முட்டை மஞ்சள் கரு என்று வரம்பு கட்டியது. ஒரு முட்டையிலேயே 200 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. 1977-இல் செனட் குழு வெளியிட்ட உணவு இலக்குகளும், 1980 முதல் வந்த அரசு வழிகாட்டுதல்களும் 'கொழுப்பைக் குறை' என்ற ஒற்றை வரியாக மக்களிடம் போய்ச்சேர்ந்தன. எந்தக் கொழுப்பு என்ற விவரம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. உணவு நிறுவனங்கள் கொழுப்பை எடுத்துவிட்டுச் சர்க்கரையும் மாவும் போட்டன. சர்க்கரையே எதிரி என்று 1972-இல் நூல் எழுதிய லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கின் ஓரங்கட்டப்பட்டார்.

மின்னசோட்டாவில் 1968 முதல் 1973 வரை மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் 9,423 பேரிடம் நடந்த சோதனையில், நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் சோள எண்ணெய் கொடுக்கப்பட்டது. கொலஸ்டிரால் இறங்கியது; சாவு குறையவில்லை. முடிவு அச்சேறியது 1989-இல். விடுபட்டிருந்த தரவுகளை மீட்டு மறுபடி ஆராய்ந்த கட்டுரை 2016-இல்தான் வந்தது. நோயாளிகள் பலர் குறுகிய காலமே அங்கு தங்கினார்கள் என்பது சோதனையின் பலவீனம். அதற்காகப் பதினாறு ஆண்டுகள் அலமாரியில் வைத்திருக்க வேண்டியதில்லை. 48,835 பெண்களை எட்டாண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் முடிவு சொன்ன மற்றோர் அமெரிக்கச் சோதனையும், மொத்தக் கொழுப்பை வெறுமனே குறைப்பதால் இதயநோய் குறைவதில்லை என்றது.

எதிர்ச்சான்று ஃபின்லாந்திலிருந்து வந்தது. வட கரேலியாவில் 1972-இல் பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கிய திட்டம், வெண்ணெயிலிருந்து தாவர எண்ணெய்க்கு ஊரையே மாற்றியது. பால்பண்ணைக்காரர்கள் பிழைப்புக்கு அஞ்சியபோது, பெர்ரிப் பழச் சாகுபடிக்கு வழிகாட்டியது. உப்பும் புகையும் கூடவே குறைந்தன. உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய்ச் சாவு சில பதிற்றாண்டுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. அதில் வெண்ணெயின் பங்கு எவ்வளவு, புகையிலையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

டால்டாவின் காலம்

விலங்குக் கொழுப்புக்கு மாற்றாக வந்ததே கேடாக முடிந்த கதை தனி. ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன், திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி உறையவைக்கும் முறைக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் 1911-இல் 'கிரிஸ்கோ' வந்தது. இந்தியாவில் 1937-இல் பனைமரம் வரைந்த டின்னில் 'டால்டா' வந்தது. இப்படி உறையவைத்த எண்ணெயான வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்றால் சோதனையில் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக, அதில் 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அரசுக்கு அன்று கலப்படம்தான் கவலை.

அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றுவதோடு நல்லதாகக் கருதப்படும் எச்டிஎல்லையும் இறக்குகிறது என்று நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் இருவரும் 1990-இல் காட்டினார்கள். டென்மார்க் 2003-இல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இதற்கு 2 விழுக்காடு வரம்பு விதித்தது. இந்தியாவில் வரம்பு 10, 5, 3 என்று படிப்படியாக இறங்கி, 2022 ஜனவரியில் 2 விழுக்காட்டை எட்டியது. உணவுக் கொழுப்பைப் பற்றிய வழக்குகளில் ஏறத்தாழ எல்லாரும் ஒப்புக்கொண்ட தீர்ப்பு இது ஒன்றுதான்.

கல்லீரலின் கதவும் பூஞ்சையும்

இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தால் மாரடைப்பு வருமா என்ற முதற்கேள்வியை முடித்துவைத்தவர்கள் மரபியலாளரும் மருந்தியலாளரும். பிறவியிலேயே எல்டிஎல் மிக உயர்ந்து, சிறுவயதிலேயே மாரடைப்பு காணும் குழந்தைகளை டல்லஸில் ஆராய்ந்த மைக்கேல் பிரவுனும் ஜோசஃப் கோல்ட்ஸ்டைனும், எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து உள்வாங்கும் ஏற்பி உயிரணுக்களின் மேற்பரப்பில் உண்டு என்பதை 1970-களில் கண்டார்கள். இந்தக் குழந்தைகளிடம் அந்த ஏற்பி இல்லை, அல்லது பழுது. 1985-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலத்தில் டோக்கியோவில் அகிரா எண்டோ, கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைத் தேடி ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சலித்தார். கியோட்டோ கடையொன்றின் அரிசியில் வளர்ந்த நீலப்பூஞ்சையில் 1973-இல் அது கிடைத்தது. எலிக்குக் கொடுத்தால் பலன் இல்லை. அனிச்கோவை மறுக்க உதவிய அதே எலி இங்கும் குறுக்கே நின்றது. முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்டிரால் பாதியாக இறங்கியது, ஆய்வு பிழைத்தது. இந்த வழியில் பிறந்த முதல் ஸ்டாட்டின் மருந்து 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இதயநோயாளிகள் 4,444 பேரைக் கொண்ட ஸ்காண்டிநேவியச் சோதனை 1994-இல், மருந்து உண்டவர்களின் மொத்தச் சாவு 30 விழுக்காடு குறைந்ததென்று அறிவித்தது. ஒரு மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே எல்டிஎல் குறைந்திருக்கும் கறுப்பின அமெரிக்கர்களுக்கு இதயநோய் 88 விழுக்காடு குறைவு என்று 2006-இல் வந்த செய்தி, எஞ்சியிருந்த ஐயத்தையும் பெரும்பாலும் போக்கியது.

இன்றைய நிலை

உணவுக் கொலஸ்டிராலுக்கான 300 மில்லிகிராம் வரம்பை அமெரிக்க வழிகாட்டுதல் 2015-இல் கைவிட்டது. நிறைவுற்ற கொழுப்பைக் குறைப்பது இதய, இரத்தநாள நிகழ்வுகளை 17 விழுக்காடு குறைப்பதாக அதே ஆண்டில் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு கணித்தது. அந்த இடத்தில் வித்து எண்ணெய்களிலுள்ள பன்மை நிறைவுறாக் கொழுப்பு வந்தபோதுதான் பலன் தெளிவாகத் தெரிந்தது; மாவுச்சத்து வந்தபோது தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் பற்றியும் இப்போது ஓரளவு தெளிவு உண்டு. அதில் ஏறக்குறைய 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. 16 சோதனைகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டுக் கட்டுரை, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட அது எல்டிஎல்லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துவதாகக் கூறியது. கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பைக் கண்டு பதற வேண்டிய அளவன்று அது. அமுதம் என்று விளம்பரம் செய்யும் அளவுமன்று.

இந்தியர்களிடம் பொதுவாகக் காண்பது வேறொரு கோலம். சென்னையிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு, பெரியவர்களில் 81.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொழுப்பில் ஏதேனும் ஒரு கோளாறு இருப்பதாக 2023-இல் தெரிவித்தது. அதில் முன்னிற்பது குறைந்த எச்டிஎல். அடுத்தது டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு உயர்ந்திருப்பது. மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றிவிடும். எண்ணெயே தொடாமல் மூன்று வேளையும் சோறும் இட்லியுமாக உண்பவரின் இரத்தத்திலும் கொழுப்பு ஏறுவது இதனால்தான். அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளிவந்தது. இந்தியர் பெறும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்து என்றும், அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ உண்டாலும் மொத்த அளவு குறையாவிட்டால் நீரிழிவு ஆபத்து குறைவதில்லை என்றும் அது கூறுகிறது.